பெயர்ப்பலகை ஒன்றானால் வியாபாரம் ஒன்றாகிவிடுமா? புகையிரதக் கம்பெனிகளின் இணைப்புகள் தரும் பாடம்

பதுளைக் கடைவீதியிலும் பண்டாரவளை, வெலிமடை, பசறை போன்ற நகரங்களிலும் இரண்டு வியாபாரிகள் தேநீர் குடிக்க அமர்ந்தால் அடிக்கடி எழும் பேச்சு, "நாம் கூட்டுச் சேர்ந்தால் என்ன?" என்பதாகும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் லொறிக் கூலி ஏறிவிட்டது. சுப்பர் மார்க்கட்டுகள் மலையக நகரங்களுக்கும் வந்துவிட்டன. தோட்டத்து இளைஞர்கள் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். சம்பள நாளில் கடைவீதி நிரம்பி வழிந்த காலம் மாறிவிட்டது. இந்நிலையில் அண்ணன் கடையும் தம்பி கடையும், மாமன் கடையும் மருமகன் கடையும் ஒன்றானால் செலவு குறையும், இலாபம் கூடும் என்று நினைப்பது இயல்பானதே.

ஆனால் கூட்டு என்பது சேரும்போது இனிப்பாகவும் பிரியும்போது கசப்பாகவும் இருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கூட்டு முறிந்த இடத்தில் முதல் மட்டும் போவதில்லை, உறவும் போய்விடுகிறது. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் பின்னர் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் கடந்து போகிறார்கள். ஆகவே கூட்டுச் சேருமுன் சற்று நின்று சிந்திப்பது கடமையாகும்.

இதற்குப் புகையிரதக் கம்பெனிகளின் வரலாறு நல்லதொரு பாடசாலை. உலகில் மிக அதிகமாக ஒன்றோடொன்று இணைந்த தொழில்களில் புகையிரதமும் ஒன்று. அவற்றின் வெற்றிகளும் வீழ்ச்சிகளும் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டு எழுதப்பட்டுள்ளன. அத்தோடு, இரண்டு பாதைகள் உண்மையிலேயே சேர்ந்தனவா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பதுளையில் முடிவடையும் பாதையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத விடயமல்ல.

நானுஓயாவில் இறங்கிய தேயிலைப் பெட்டி

முதலில் நமது மலையகத்திலிருந்தே ஆரம்பிப்போம். நமது பெரிய பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து தெமோதரையின் வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. இது 5 அடி 6 அங்குல அகலப் பாதை.

இதற்கிடையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை இன்னொரு பாதை போடப்பட்டது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையை வெளியே கொண்டுவருவதற்காகப் போடப்பட்ட அப்பாதை 1904இல் இராகலையை அடைந்தது. ஆனால் அதன் அகலம் வெறும் 2 அடி 6 அங்குலம். இரண்டும் ஒரே அரசாங்கப் புகையிரதப் பகுதிக்குச் சொந்தமானவை. முதலாளி ஒருவர், பெயர் ஒன்று. ஆயினும் இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டியை நானுஓயாவில் இறக்கி, பெரிய வண்டியில் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. மேலே போகும் அரிசியும் உரமும் அதே போல் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றமும் கூலி, ஒவ்வொரு கைமாற்றமும் தாமதம்.

பின்னர் லொறி வந்தது. தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே ஏற்றி, வழியில் எங்கும் இறக்காமல் கொண்டு போகலாம் என்றானபோது, 1940களில் அந்தக் குறுகிய பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன.

இதிலிருந்து முதலாவது பாடத்தை எடுத்துக்கொள்வோம். உடைமை ஒன்றாவது வேறு, வேலை ஒன்றாவது வேறு. ஒரே முதலாளியின் கீழ் இருந்தும் சரக்கு இரண்டு முறை இறங்கி ஏறுமானால் அங்கே இணைப்பு நடக்கவில்லை என்றே பொருள். இணைப்பால் வரும் இலாபம், குறைக்கப்படும் கைமாற்றத்திலிருந்துதான் வருகிறது.

871 நாட்களில் கவிழ்ந்த மாபெரும் கம்பெனி

இனி அமெரிக்காவுக்குப் போவோம். பென்சில்வேனியா ரெயில்ரோட், நியூயோர்க் சென்ட்ரல் என்ற இரண்டும் அந்நாட்டின் மிகப் பெரிய புகையிரதக் கம்பெனிகளாக விளங்கியவை. இரண்டுமே நியூயோர்க்கிலிருந்து சிகாகோ வரை ஓடின. அதாவது ஒரே வாடிக்கையாளருக்காக நூறு வருடம் போட்டியிட்ட கடைகள். நெடுஞ்சாலைகள் பெருகி லொறிகளும் விமானங்களும் வியாபாரத்தை இழுத்துக்கொண்டபோது இரண்டுமே நலிவடைந்தன. 1957இல் இணைப்புப் பேச்சு தொடங்கியது. பத்து வருடத்துக்கு மேல் பேசி, 1968 பெப்ரவரி 1ஆம் திகதி பென் சென்ட்ரல் என்ற பெயரில் ஒன்றாயின. 1970 ஜூன் 21ஆம் திகதி அக்கம்பெனி வங்குரோத்து அடைந்தது. இடையில் 871 நாட்களே. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய வங்குரோத்து அதுவாகும்.

ஏன் இப்படியானது? காரணங்கள் பல. அவற்றில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, இரண்டு நோயாளிகள் ஒரே கட்டிலில் படுத்தால் நோய் குணமாகாது. இரண்டு கம்பெனிகளினதும் நட்டத்துக்குக் காரணம் வெளியே இருந்தது. பயணிகள் வண்டிகளில் நட்டம் வந்தாலும் அவற்றை நிறுத்த அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. இணைந்த பின்னரும் அந்த நட்டம் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, அனுமதி வழங்கிய அதிகாரசபை ஏற்கனவே வங்குரோத்தாகியிருந்த நியூ ஹேவன் என்ற மூன்றாவது கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளும்படி நிபந்தனை விதித்தது.

இரண்டாவது, எதிர்பார்த்த மிச்சத்தை முன்கூட்டியே வாக்குக் கொடுத்து இழந்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பாதைகளில் ஒன்றைக் குறைத்தால்தான் செலவு மிஞ்சும். ஆனால் தொழிற்சங்கங்களின் சம்மதத்தைப் பெறுவதற்காக, ஊழியர்களின் வேலைக்கு உத்தரவாதம் அளித்து 1964இலேயே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். ஊழியர்கள் தமது பிழைப்பைக் காத்துக்கொண்டதில் தவறில்லை. ஆட்செலவு குறையும் என்று பங்குதாரர்களுக்குச் சொல்லிவிட்டு, ஆட்களைக் குறைக்கமாட்டோம் என்று ஊழியர்களுக்கும் சொன்ன நிர்வாகத்தின் கணக்கே தவறானது.

மூன்றாவது, மனிதர்கள் இணையவில்லை. தலைவர் ஸ்டுவர்ட் சோன்டர்ஸ் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர். நிர்வாகப் பொறுப்பிலிருந்த அல்பிரட் பேர்ள்மன் மற்றக் கம்பெனியிலிருந்து வந்தவர். இருவருடைய போக்கும் வேறு. கீழே இருந்த அதிகாரிகளும் ஒரு பக்கத்தார் சிவப்பு அணி என்றும் மறுபக்கத்தார் பச்சை அணி என்றும் அழைக்கப்படும் அளவுக்குப் பிரிந்து நின்றார்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஒரு பக்கத்து எழுதுவினைஞருக்கு மறுபக்கத்துப் பாதைகள் தெரியவில்லை. சரக்குப் பெட்டிகள் தவறான இடங்களுக்குப் போயின. பல பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்பதே தெரியாமல் போனது. இதைக் கண்ட வாடிக்கையாளர்கள் லொறிக்காரர்களிடம் போனார்கள்.

நான்காவது, கையில் ரொக்கம் வற்றிக்கொண்டிருந்தபோதும் கம்பெனி நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பங்குலாபம் கொடுத்து வந்தார்கள். காணி, கட்டட முதலீடுகளிலும் பணத்தை இட்டார்கள். இல்லாத இலாபத்தைப் பங்கிட்டால் குறைவது முதல்தான் என்பது நமது கடைவீதியிலும் தெரிந்த உண்மையே.

இறுதியில் அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று. வங்குரோத்தான பல பாதைகளைச் சேர்த்து 1976இல் கொன்ரெயில் என்ற நிறுவனத்தை உருவாக்கி, பாதைகளைக் குறைத்து, பெரும் பொதுப்பணத்தை ஊற்றிய பின்னரே அது இலாபம் கண்டது.

அதே காலத்தில் வெற்றி பெற்ற இணைப்பு

பென் சென்ட்ரல் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1970 மார்ச் மாதத்தில், அதே நாட்டின் வடமேற்கில் கிரேட் நோர்தர்ன், நோர்தர்ன் பசிபிக், பர்லிங்டன் ஆகியவை சேர்ந்து பர்லிங்டன் நோர்தர்ன் ஆயின. அவற்றில் முதலிரண்டும் பக்கம் பக்கமாக ஓடியவைதான். ஆனாலும் இந்த இணைப்பு நிலைத்தது. இன்று அதன் வழிவந்த பி.என்.எஸ்.எப். அமெரிக்காவின் மிகப் பெரிய புகையிரதக் கம்பெனிகளில் ஒன்று.

வித்தியாசம் எங்கே? இவர்கள் திருமணத்துக்கு முன்னரே எழுபது வருடம் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள். ஜேம்ஸ் ஹில் என்ற தொழிலதிபர் 1901இலேயே இவற்றை ஒன்றாக்க முயன்றார். 1904இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆயினும் பர்லிங்டன் பாதை மற்ற இரண்டுக்கும் கூட்டுச் சொத்தாகவே இருந்து வந்தது. செயின்ட் போல் நகரில் இருவரின் தலைமையகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியும், ஒருவர் பழக்கம் மற்றவருக்குத் தெரியும். மூவருமே ஓரளவு ஆரோக்கியமாக இருந்தார்கள். பிற்காலத்தில் வயோமிங் மாநிலத்து நிலக்கரி என்ற பெரிய சரக்கும் அவர்களுடைய பாதைக்கு வந்து சேர்ந்தது.

ஆக, பக்கம் பக்கமாக இருப்பவர்கள் சேரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சேர்பவர்களுக்கு நீண்ட பழக்கமும் நல்ல கையிருப்பும் வேண்டும்.

அவசரப்பட்டவர்கள் பட்ட பாடு

1996 செப்டெம்பரில் யூனியன் பசிபிக் கம்பெனி, சதர்ன் பசிபிக்கை வாங்கிக்கொண்டது. வாங்கியவர் பணபலம் உள்ளவர், விற்றவர் நலிந்தவர். நலிந்த கடையின் பழைய ஆட்கள் எதற்கு என்று நினைத்து, செலவைக் குறைக்கும் அவசரத்தில் அனுபவசாலிகள் பலரைப் போகவிட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் நெருக்கமான பாதைகளில் எந்த வண்டியை எப்போது எங்கே ஒதுக்க வேண்டும் என்பது அந்தப் பழைய ஆட்களின் தலைக்குள் இருந்த அறிவு. அது எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

1997 கோடையில் ஹூஸ்டனின் எங்கிள்வூட் யார்ட் நிரம்பி அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பு மேற்கு மாநிலங்கள் வரை பரவியது. எஞ்சின் இல்லாமலும் ஓட்டுநர் இல்லாமலும் வண்டிகள் வழியிலேயே நின்றன. தொழிற்சாலைகள் மூலப்பொருளுக்காகக் காத்துக் கிடந்தன. அக்டோபர் 31ஆம் திகதி அரசாங்க அதிகாரசபை அவசர உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. இதற்கு முன் 1995இல் இன்னொரு கம்பெனியைச் சேர்த்தபோதும் யூனியன் பசிபிக் இதே போன்ற நெருக்கடியைக் கண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கைவசம் பணபலம் இருந்தபடியால் அது தப்பிப் பிழைத்தது. பணபலம் இல்லாத சிறு வியாபாரி ஆறு மாத அடைப்பைத் தாங்கமாட்டார்.

நுனியோடு நுனி சேர்ந்தால்

பக்கம் பக்கமாகச் சேர்வது ஒரு வகை. நுனியோடு நுனி சேர்வது இன்னொரு வகை. ஒருவர் பாதை முடியும் இடத்தில் மற்றவர் பாதை தொடங்கினால், இடையில் இருந்த கைமாற்றம் நீங்கிவிடுகிறது. எந்தப் பாதையையும் மூடத் தேவையில்லை. பெரும்பாலானோருக்கு வேலையும் இருக்கும். வாடிக்கையாளருக்கும் நன்மை.

அண்மைய உதாரணம், 2023 ஏப்ரல் 14ஆம் திகதி இணைந்த கனேடியன் பசிபிக்கும் கன்சாஸ் சிட்டி சதர்னும். ஒன்று வடக்கே கனடாவிலிருந்து வருவது, மற்றது தெற்கே மெக்சிகோ வரை போவது. இரண்டும் சந்தித்த ஒரே இடம் கன்சாஸ் சிட்டி. சேர்ந்ததும் மூன்று நாடுகளுக்கு ஊடாக ஒரே கம்பெனியின் பாதை கிடைத்தது. ஆனால் இவர்களும் 2025 மே மாதத்தில் தென் பகுதியின் பழைய கணினி முறையை மாற்றியபோது வண்டிகள் தாமதித்து வாடிக்கையாளரின் முறைப்பாட்டுக்கு ஆளானார்கள். நல்ல இணைப்பிலும் கணக்குப் புத்தகத்தை மாற்றும் நாள் ஆபத்தான நாள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தமிழ்நாட்டிலும் இதே வகை உதாரணம் உண்டு. 1951 ஏப்ரல் 14ஆம் திகதி சவுத் இந்தியன் ரெயில்வே, மெட்ராஸ் அன்ட் சதர்ன் மராட்டா ரெயில்வே, மைசூர் ஸ்டேட் ரெயில்வே ஆகிய மூன்றும் ஒன்றாகித் தென்னக ரெயில்வே ஆயிற்று. ஒன்று திருச்சியைத் தலைமையகமாகக் கொண்டு தெற்கே ஓடியது. ஒன்று மதராஸிலிருந்து வடக்கும் மேற்குமாக ஓடியது. ஒன்று மைசூர் சமஸ்தானத்துக்குரியது. பெரும்பாலும் ஒன்றின் எல்லையில் மற்றது தொடங்கியபடியால் இணைப்பு அர்த்தமுள்ளதாயிற்று. ஆனால் நானுஓயாவில் நாம் கண்ட அதே சிக்கல் அங்கும் இருந்தது. சில பாதைகள் அகலப் பாதை, சில மீட்டர் பாதை. நிர்வாகம் ஒரே நாளில் ஒன்றானது, தண்டவாளம் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் சென்றன. பாதைகளை ஒரே அகலமாக்கும் பெருந்திட்டம் இந்தியாவில் 1992இல்தான் தொடங்கியது. பாம்பன் பாலத்தில் அகலப் பாதை ஓடத் தொடங்கியது 2007இல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தென்னக ரெயில்வே ஒரே கையால் நிர்வகிக்க முடியாத அளவுக்குப் பெரிதாகியபோது, 1966இல் விஜயவாடா, ஹூப்ளிப் பகுதிகள் பிரிந்து புதிய தென்மத்திய ரெயில்வேக்குச் சென்றன. 2003இல் பெங்களூரும் மைசூரும் பிரிந்து ஹூப்ளியைத் தலைமையகமாகக் கொண்ட தென்மேற்கு ரெயில்வேக்குச் சென்றன. 1951இல் சேர்ந்த மைசூர்ப் பக்கம் 52 வருடத்தின் பின் மீண்டும் பிரிந்தது. வண்டிகள் நிற்கவில்லை. எந்த நிலையம், எந்தப் பட்டறை, எந்த ஊழியர் எந்தப் பகுதிக்குரியவர் என்ற கணக்கு தெளிவாக இருந்தால் பிரிவதும் ஒரு நிர்வாக வேலையாகவே முடிந்துவிடும்.

இணையாமலே இணைந்து உழைத்தவர்கள்

இதையெல்லாம் விட நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. மதராஸில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயிலிலும், கடலில் கப்பலிலும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு நமது புகையிரதத்திலும் வந்து சேர்ந்தார். போட் மெயில் என்று நமது முன்னோர் சொல்லக் கேட்டிருப்போம். தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து போன வியாபாரிகளும் அந்த வழியை அறிவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி ஓடியது.

இதில் இரண்டு நாட்டுப் புகையிரதங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. அவை ஒன்றாகவில்லை. உடைமை தனித்தனி, நிர்வாகம் தனித்தனி. நேரசூசியையும் டிக்கெட்டையும் வருமானப் பங்கையும் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். இணைப்பின் நன்மையில் பெரும்பகுதி இணைப்பில்லாமலே கிடைத்தது. கூட்டுச் சேர நினைக்கும் வியாபாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் தேடும் நன்மை ஓர் உடன்படிக்கையாலேயே கிடைத்துவிடாதா?

நமது கடைக்குக் கணக்குப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே வீதியில் இரண்டு பலசரக்குக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் மாத விற்பனை 20 இலட்சம் ரூபா, அதில் மொத்த இலாபம் 8 வீதம், அதாவது 160,000. மாதச் செலவு 120,000. மிஞ்சுவது 40,000. இரண்டுக்கும் சேர்த்து 80,000.

இருவரும் சேர்ந்து மொத்தமாகக் கொள்வனவு செய்வதால் 1 வீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைப்போம். ஆனால் விற்பனை 40 இலட்சமாக நிற்காது. விலை விசாரித்து இரண்டு கடைக்கும் ஏறி இறங்கியவர்களில் சிலர் மூன்றாவது கடைக்குப் போவார்கள். தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு இரண்டு கடையிலும் கடன் கொப்பி இருந்திருக்கும். இப்போது இரண்டு கொப்பியும் ஒரு லாச்சிக்குள் வந்ததும், கடன் இரட்டிப்பாகத் தெரிகிறது. முதலாளி கையை இறுக்குகிறார், வாடிக்கையாளர் நழுவுகிறார். விற்பனை 36 இலட்சமானால் 9 வீதப்படி 324,000. இரண்டு கடையும் எல்லா ஆட்களும் அப்படியே இருந்தால் செலவு 240,000. மிஞ்சுவது 84,000. அதாவது இவ்வளவு பாடுபட்டு ஆளுக்கு 2,000 ரூபாதான் கூடுதல். மொத்தக் கொள்வனவுக் கழிவு கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை, நட்டமே.

ஒரு கடையை மூடி வாடகையும் மின்கட்டணமுமாக 40,000 மிச்சம் பிடித்தால் கணக்கு மாறும். ஆனால் எந்தக் கடையை மூடுவது? வாப்பா தொடங்கிய கடையையா, மாமா கொடுத்த கடையையா? பென் சென்ட்ரல் சிக்கியது இந்த இடத்தில்தான். இதற்கு விடை காணாமல் கூட்டுப் போட்டால் சண்டையையும் சேர்த்தே போட்டதாகும்.

இனி மறுவகையைப் பார்ப்போம். வெலிமடையில் மரக்கறி சேகரிப்பவர் தனது லொறியைப் பேலியகொடைச் சந்தைக்கு நிரப்பி அனுப்புகிறார். திரும்பும்போது லொறி வெறுமையாக வருகிறது. பதுளைக் கடைக்காரரோ புறக்கோட்டையிலிருந்து அரிசி, சீனி, பருப்பு ஏற்றிவர வாடகை லொறி பிடிக்கிறார். அந்த லொறி கீழே போகும்போது பாதி வெறுமை. இவர்கள் இருவரும் சேர்ந்தால் போகும்போதும் சரக்கு, வரும்போதும் சரக்கு. எந்தக் கடையும் மூட வேண்டியதில்லை. இது நுனியோடு நுனி சேர்வது. இதற்கும் உடனே கூட்டுக் கம்பெனி வேண்டாம். போட் மெயில் போல, நாளும் கூலியும் மட்டும் எழுதிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

கையொப்பமிடுமுன் ஆறு விடயங்கள்

1. நமது நட்டத்துக்குக் காரணம் என்ன? அது கூட்டால் நீங்குமா? வாடிக்கையாளர் ஊரை விட்டுப் போய்விட்டதே காரணம் என்றால், இரண்டு கடை சேர்வதால் அவர் திரும்பி வரமாட்டார்.

2. மிச்சமாகும் என்று எண்ணும் ஒவ்வொரு ரூபாவுக்கும் எதிரே, எந்த வாடகை, எந்தச் சம்பளம், எந்தக் கூலி நிற்கப் போகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வேலை செய்பவரை அனுப்ப நேருமானால் அதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லி, அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள்.

3. கடன் கொப்பி, சரக்கிருப்பு, கொடுக்க வேண்டிய காசோலைகள் ஆகிய மூன்றையும் பெயர்ப்பலகை மாற்றுமுன் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். வராத கடனை முதல் என்று எழுதாதீர்கள். ஸகாத் கணக்கும் அப்போதே தெளிவாகிவிடும்.

4. இறுதி முடிவு யாருடையது? தலைமை இரண்டானால் ஊழியரும் இரண்டு அணியாவார்கள். பிரித்தானியாவில் 1923இல் உருவான எல்.எம்.எஸ். என்ற பெரும் புகையிரதக் கம்பெனியில் இரண்டு பழைய பட்டறைக்காரர்கள் எந்த எஞ்சின் சிறந்தது என்று வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். 1932இல் வில்லியம் ஸ்டேனியர் என்ற பொறியியலாளரை வேறு கம்பெனியிலிருந்து அழைத்து வந்த பின்னரே அது தீர்ந்தது. நமக்குள்ளும் இரு தரப்பும் ஏற்கும் ஒரு வெளியாளை, கணக்காளராக இருந்தாலும் ஊர்ப் பெரியவராக இருந்தாலும், முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

5. எழுதுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் தவணைக் கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி கட்டளையிடுவதை நாம் அறிவோம். நாட்டுச் சட்டமும் இதையே வேண்டுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு உடன்படிக்கை எழுத்தில் கையொப்பமிடப்படாவிட்டால் சட்டவலுப் பெறாது. இன்று எந்தக் கடையின் முதலும் ஆயிரம் ரூபாவைத் தாண்டியதே. வாய்ப்பேச்சுக் கூட்டு நீதிமன்றத்தில் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டம் அவரவர் முதலின் விகிதப்படியே என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒத்த கருத்துடையவர்கள். இலாபத்தை வேறு விகிதத்தில் வைக்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் காட்டிய பின்னர் கையொப்பமிடுங்கள்.

6. பிரியும் வழியைச் சேரும் நாளிலேயே எழுதுங்கள். கடைப் பெயர் யாருக்கு, கட்டடம் யாருக்கு, ஒருவர் வபாத்தானால் வாரிசுகளின் பங்கு எவ்வாறு கணிக்கப்படும் என்பன அதில் இருக்க வேண்டும். அன்பு இருக்கும்போது எழுதுவது இலகு. மனம் கசந்த பின் எழுதுவது கடினம்.

முடிவாக

ஒருவரின் நுனி மற்றவரின் தொடக்கமாக இருந்து, கையிருப்பும் பழக்கமும் இருந்து, நிதானமாகச் செய்யப்பட்ட இணைப்புகள் பெரும்பாலும் நிலைத்தன. நலிந்த இருவர் போட்டிக்குப் பயந்து அவசரமாகச் சேர்ந்த இணைப்புகள் பெரும்பாலும் விழுந்தன. பென் சென்ட்ரல் வண்டிகளில் புதிய பெயர் எழுதப்பட்டிருந்தது, உள்ளே பழைய இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகவே இருந்தன. இராகலைப் பாதையில் முதலாளி ஒருவர்தான், தேயிலைப் பெட்டி மட்டும் நானுஓயாவில் இறங்கிக்கொண்டே இருந்தது.

சகோதரர்களே, கூட்டு வியாபாரம் நமது மார்க்கம் அனுமதித்த, பரக்கத் நிறைந்த வழி. அதே நேரம் அது ஓர் அமானிதம். கூட்டாளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி இழைப்பார்கள் என்ற எச்சரிக்கை தாவூத் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு ஸாத் அத்தியாயத்தில் வருகிறது. அந்த எச்சரிக்கையை மனதில் வைத்து, இந்த வாரம் ஓர் இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மேலே சொன்ன ஆறு விடயங்களுக்கும் விடை எழுதிப் பாருங்கள். விடை எழுத முடிந்தால் பேச்சைத் தொடருங்கள். முடியாவிட்டால் லொறியை மட்டும் பகிர்ந்துகொண்டு நல்ல சகோதரர்களாகத் தனித்தனியே வியாபாரம் செய்யுங்கள். அதிலும் நன்மை உண்டு.

வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக.